கெவின் டுரான்ட் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டது ஏன்? என்பிஏ ஒப்பந்தங்கள்: ஓர் எளிய அறிமுகம்

2017 ஜூன் மாதம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் 30 புள்ளிகளுக்கு மேல் எடுத்த கெவின் டுரான்டுக்குத் தொடரின் சிறந்த வீரர் விருது கிடைத்தது. அடுத்த மாதமே அவர் புது ஒப்பந்தம் போட்டார். அவருடைய அனுபவத்துக்கு விதிப்படி ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 3.47 கோடி டாலர் வரை வாங்கலாம். அவர் கையெழுத்திட்ட தொகை 2.5 கோடி டாலர். கிட்டத்தட்ட 97 லட்சம் டாலரை வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கும் நண்பர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ஆட்டம் புரிகிறது, ஜூலை மாதம் ஒப்பந்தங்கள் போடும்போது நடப்பதுதான் புரியவில்லை என்பார்கள். இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஆண்டில் எப்படி வெளியே வருகிறார்? பணம் கம்மியாகக் கொடுக்கும் அணிக்கு ஏன் போகிறார்? டுரான்ட் ஒருவருடைய ஒப்பந்தங்களைப் பின்தொடர்ந்தாலே இதில் பெரும்பாலானவை விளங்கிவிடும். அதனால் அவரைக் கூடவே வைத்துக்கொண்டு போவோம்.

நமக்குத் தெரிந்த ஐபிஎல்லில் இருந்து தொடங்கலாம். அங்கே ஏலம். வீரர் அடிப்படை விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்; எந்த அணி கடைசியாகக் கை தூக்குகிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டும். என்பிஏவில் அப்படி ஏலம் கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகிறார். எந்த அணியுடனும் பேசலாம், எந்த ஊருக்கும் போகலாம், பழைய அணியிலேயே தொடரவும் செய்யலாம். அவர் கிளம்பிவிட்டால் பழைய அணிக்கு நஷ்டஈடாக ஒரு டாலரும் வராது, பதிலுக்கு ஒரு வீரரும் வரமாட்டார்.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் அதே அணிக்குக் கட்டுப்பட்டவராகவே இருந்தார். 1970-ல் வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் அதை எதிர்த்து லீக் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட்சன் ஓய்வு பெற்றுவிட்டார். சமரசத்துக்குப் பிறகும் பழைய அணியின் பிடி ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. எந்தப் பிடியும் இல்லாமல் அணி மாறிய முதல் வீரர் டாம் சேம்பர்ஸ். 1988-ல் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குப் போனார். இன்றைக்கு ஒரு வீரர் ஆறு அணிகளை வரவழைத்து உட்கார வைத்துப் பேச முடிகிறதென்றால், ராபர்ட்சனை நன்றியோடு நினைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, வந்த நாளிலிருந்தே எல்லாருக்கும் இந்தச் சுதந்திரம் உண்டா? கிடையாது. புதியவர்களை அணிகள் 'டிராஃப்ட்' என்ற முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முதல் சுற்றில் வருபவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். சம்பளம் ஏறக்குறைய அட்டவணைப்படிதான். டுரான்டை 2007-ல் இரண்டாவது ஆளாக எடுத்தது சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். ஒரே சீசன் ஆடினார். அடுத்த ஆண்டு அணியே ஓக்லஹோமா சிட்டிக்கு இடம்பெயர்ந்து 'தண்டர்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இருபது வயதைக்கூடத் தொடாத டுரான்டும் அணியோடு இடம்பெயர்ந்தார். எந்த ஊர் வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் நான்கு ஆண்டு முடிந்ததும் கிடைப்பதுகூட அரைச் சுதந்திரம்தான். ஐபிஎல்லில் ஆர்டிஎம் கார்டு தெரியும் அல்லவா? வேறு அணி கேட்ட விலையைக் கொடுத்துத் தன் பழைய வீரரைத் திரும்ப எடுத்துக்கொள்வது. அதுபோன்ற ஒன்று இங்கேயும் உண்டு. இந்த நிலையில் இருப்பவரை 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்' என்பார்கள். 2014-ல் யூட்டாவின் கார்டன் ஹேவர்டுக்கு சார்லட் அணி 4 ஆண்டுகளுக்கு 6.3 கோடி டாலர் தர முன்வந்தது. யூட்டா அதே தொகைக்கு ஒப்புக்கொண்டு அவரை விடாமல் வைத்துக்கொண்டது. ஆனால் தொகையை மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, சார்லட் எழுதிய ஒவ்வொரு நிபந்தனையையும் அப்படியே ஏற்க வேண்டும். நான்காம் ஆண்டில் இருப்பதா போவதா என்பதை ஹேவர்டே முடிவு செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. 2017-ல் அந்த வரியைப் பயன்படுத்தி அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார். யூட்டா போட்டியில் வென்றது, மூன்று ஆண்டு கழித்து வீரரை இழந்தது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டுரான்ட் கதையிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

பணத்துக்கு எல்லை இருக்கிறது

ஒவ்வோர் அணியும் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதுதான் 'சாலரி கேப்'. இன்றைய வடிவில் அது தொடங்கியது 1984-85 சீசனில்; அப்போது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26 சீசனில் அது 15.46 கோடி டாலர். லீக்கின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம்; அந்த வருமானத்தை வைத்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் இந்த வரம்பைக் கணக்கிடுகிறார்கள். டிவி பணம் ஏறினால் வரம்பும் ஏறும்.

ஆனால் இந்த வரம்பு கான்கிரீட் சுவர் இல்லை, அதில் கதவுகள் உண்டு. பெரிய கதவுக்கு பாஸ்டன் அணியின் அந்தக்கால நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரு வீரர் ஒரே அணியில் மூன்று சீசன் இருந்திருந்தால், வரம்பைத் தாண்டியும் அந்த அணி அவரை மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். 'பேர்ட் உரிமை' என்பது இதுதான். இரண்டு சீசன் இருந்தவருக்குக் கதவு பாதி திறக்கும். ஒரே சீசன் என்றால் பழைய சம்பளத்தைப் போல 120 சதவீதம் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் முடியாது. டுரான்ட் கணக்கில் இந்த 120 சதவீதம் முக்கியம்.

அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்பதற்கு மைக்கேல் ஜோர்டனைப் பாருங்கள். 1997-98 சீசனில் ஓர் அணிக்கான வரம்பு 2.69 கோடி டாலர். சிகாகோ புல்ஸ் ஜோர்டன் ஒருவருக்கே கொடுத்தது 3.31 கோடி டாலர். மொத்த அணிக்கான வரம்பைவிடத் தனி ஒருவரின் சம்பளம் அதிகம்! அதே 1997-ல் 21 வயது கெவின் கார்னெட்டுக்கு மினசோட்டா அணி 6 ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. உரிமையாளர்கள் மிரண்டு போனார்கள். 1998-ல், வீரர்களோடு புது உடன்பாடு வரும்வரை ஆட்டமே கிடையாது என்று லீக்கையே பூட்டினார்கள். அந்த சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. பூட்டு திறந்தபோது ஒரு புது விதியும் வந்திருந்தது: அணிக்கு மட்டுமில்லை, தனி வீரரின் சம்பளத்துக்கும் ஓர் உச்சம். இதைத்தான் 'மேக்ஸ்' என்கிறோம். லீக்கில் ஆறு ஆண்டு வரை ஆடியவருக்கு சாலரி கேப்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது ஆண்டு ஆடியவருக்கு 30 சதவீதம், பத்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 35 சதவீதம்.

என் பார்வையில் இந்த மேக்ஸ்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். யோசித்துப் பாருங்கள். சாதாரண வீரர் பேரம் பேசும்போது தொகையை ஏற்றிக் கேட்பார். நட்சத்திர வீரருக்கோ முப்பது அணிகளும் ஏறக்குறைய அதே உச்சத் தொகையைக் கொடுக்கத் தயார். தொகையில் பேச ஒன்றும் மிச்சமில்லை. அப்படியானால் அவர் எதைப் பேசுவார்? காலத்தை. எத்தனை ஆண்டு, நடுவில் வெளியே வர வழி உண்டா, அந்த வழியின் சாவி யார் கையில்?

வீட்டு வாடகையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போடும்போதே, 'மூன்றாம் ஆண்டு இருப்பதா காலி செய்வதா என்பது என் முடிவு' என்று குடியிருப்பவர் எழுதி வாங்கிக்கொண்டால் அது பிளேயர் ஆப்ஷன். வீட்டுக்காரர் எழுதி வாங்கிக்கொண்டால் அது டீம் ஆப்ஷன். முதலாம் ஆண்டு உறுதி, இரண்டாம் ஆண்டு வீரரின் விருப்பம் என்றால் அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் '1+1'.

லெப்ரான் ஜேம்ஸ் இதை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர். 2006-ல் கிளீவ்லாந்து ஐந்து ஆண்டு கொடுக்கத் தயாராக இருந்தபோது மூன்று ஆண்டும், நான்காவதற்குப் பிளேயர் ஆப்ஷனும் போதும் என்றார். வேறு அணிகளின் நட்சத்திரங்களான டுவைன் வேடும் கிறிஸ் பாஷும் அதேபோலச் செய்தார்கள். விளைவு, 2010 கோடையில் மூவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து மயாமியில் ஒன்று சேர்ந்தார்கள். தன் முடிவை லெப்ரான் ஜூலை 8 அன்று டிவி நிகழ்ச்சியில் அறிவித்தார். அதற்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு முந்தைய நாள்தான் டுரான்ட் ட்விட்டரில் சத்தமில்லாமல் ஒரு செய்தி போட்டிருந்தார்: ஓக்லஹோமாவுடன் இன்னும் ஐந்து ஆண்டு. நடுவில் ஆப்ஷன் எதுவும் இல்லை. எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். விசுவாசம் என்றால் இதுதான் என்றார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தோடு 2016 வரை அவருடைய சாவி அணியின் கைக்குப் போய்விட்டது. நடுவில் 2012-ல் சக வீரர் ஜேம்ஸ் ஹார்டனைத் தண்டர் ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டபோதும் அவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியிருந்தது.

2016 ஜூலை

அந்த ஆண்டு நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு கணுக்காலில் தொடங்க வேண்டும். 2012-ல் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரிக்குக் கணுக்காலில் ஓயாத தொல்லை. இவர் உடம்பு தாங்குமா என்ற சந்தேகத்தில் 4 ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் போட்டார்கள். கணுக்கால் தேறியது. அவர் இரண்டு முறை லீக்கின் சிறந்த வீரர் ஆனார். ஒப்பந்தம் மட்டும் அதே பழைய ஒப்பந்தம். உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர் 2016-17 சீசனுக்கு வாங்கவிருந்தது 1.21 கோடி டாலர்தான்.

அடுத்தது டிவி. என்பிஏவின் புது ஒளிபரப்பு ஒப்பந்தம், 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர், அந்த சீசனில்தான் அமலுக்கு வந்தது. வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது. வீரர்கள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆண்டில் வரம்பு 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலராகத் துள்ளியது. முப்பது அணிகளின் பையிலும் திடீர்ப் பணம். மாற்று ஆட்டக்காரர்களாக இருந்தவர்களுக்குக்கூடப் பெரும் ஒப்பந்தங்கள் கிடைத்தன. டிமோஃபே மோஸ்காவுக்கு லேக்கர்ஸ் கொடுத்தது 4 ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர். முந்தைய சீசனில் 73 ஆட்டம் வென்று சாதனை படைத்த வாரியர்ஸின் பையிலும் இன்னொரு மேக்ஸ் வீரருக்கு இடம் பிறந்தது. கரியின் மலிவான ஒப்பந்தம் இல்லையென்றால், வரம்பு அந்த ஆண்டு அப்படித் துள்ளவில்லையென்றால், டுரான்ட் வாரியர்ஸுக்கு வந்திருக்கவே முடியாது.

ஆட்டக்களத்திலும் ஒன்று நடந்திருந்தது. அந்த ஆண்டு மேற்குப் பிரிவின் இறுதியில், ஏழு ஆட்டத் தொடரில், அதே வாரியர்ஸுக்கு எதிராகத் தண்டர் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது ஆட்டம் ஓக்லஹோமாவில். கிளே தாம்ப்சன் 11 முறை மூன்று புள்ளி எறிந்து 41 புள்ளிகள் எடுத்தார். ஏழாவதும் போயிற்று. ஐந்து வாரத்துக்குள் டுரான்ட் ஃப்ரீ ஏஜென்ட்.

நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன்ஸ் கடற்கரைப் பகுதியில் ஒரு வீட்டில் அவர் தங்கியிருந்தார். அணிகள் ஒவ்வொன்றாக அங்கே வந்தன. பாஸ்டன் கூட்டிவந்தது அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் டாம் பிரேடியை. வாரியர்ஸ் தன் ஆட்டக்காரர்களையே அழைத்து வந்தது: கரி, தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன், ஆண்ட்ரே இகுடாலா. ஜூலை 4 அன்று 'தி பிளேயர்ஸ் ட்ரிப்யூன்' தளத்தில் டுரான்ட் தன் முடிவை எழுதினார். வாரியர்ஸ்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் வீரர்களும் அணிகளும் பேசலாம், வாய்மொழியாக ஒப்புக்கொள்ளலாம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்து மட்டும் சில நாள் கழித்துத்தான். அந்த இடைவெளியில் வாக்குக்குச் சட்டப்படி மதிப்பில்லை. இதற்கு முந்தைய ஆண்டு, 2015-ல், டீஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸுக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மனம் மாறினார். உடனே அவருடைய பழைய அணியான கிளிப்பர்ஸின் சக வீரர்களும் பயிற்சியாளரும் ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாசற்கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்த படம் ஒன்றை பிளேக் கிரிஃபின் ட்விட்டரில் போட்டார். நள்ளிரவு தாண்டிக் கையெழுத்து ஆகும்வரை யாரும் அசையவில்லை. டல்லாஸ் வெறுங்கையோடு நின்றது.

டுரான்டின் கையெழுத்துக்கு வருவோம். அது 2 ஆண்டுகளுக்கு 5.43 கோடி டாலர், இரண்டாம் ஆண்டுக்குப் பிளேயர் ஆப்ஷன். அதாவது 1+1. முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 2.65 கோடி. பேர்ட் உரிமை வைத்திருந்த ஓக்லஹோமாவால் ஐந்து ஆண்டு கொடுக்க முடியும், மற்றவர்களால் நான்குதான் முடியும். ஆண்டு உயர்விலும் ஓக்லஹோமாவுக்கே முன்தூக்கம். அந்த அதிகப்படியை எல்லாம் விட்டுவிட்டுத்தான் அவர் போனார். இத்தனை குறுகிய ஒப்பந்தம் ஏன் என்பதற்கு விடை மேலே சொன்ன 25, 30, 35 சதவீதப் படிக்கட்டில் இருக்கிறது. 2016-ல் அவர் ஒன்பது ஆண்டு ஆடியவர், 30 சதவீதப் படி. ஒரு சீசன் முடிந்தால் பத்து ஆண்டு, 35 சதவீதப் படி. நான்கு ஆண்டுக்குக் கையெழுத்திட்டு இருந்தால் கீழ்ப்படியிலேயே நான்கு ஆண்டும் போயிருக்கும்.

ஓக்லஹோமா மக்களின் வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்த ஊருக்கு இருக்கும் பெரிய விளையாட்டு அணி அது ஒன்றுதான். எட்டு ஆண்டு தங்கள் பிள்ளையாக வளர்த்தவர், தங்களைத் தோற்கடித்த அணிக்கே போகிறார், பதிலுக்கு எதுவும் இல்லை. சிலர் அவருடைய ஜெர்சியை எரித்தார்கள். 2017 பிப்ரவரி 11 அன்று அவர் எதிரணி வீரராகத் திரும்பி வந்தபோது அரங்கு முழுக்கக் கூச்சல். கப்கேக் படம் போட்ட சட்டையும் அட்டையுமாக ரசிகர்கள் வந்திருந்தார்கள், மென்மையானவர் என்று கேலி செய்ய. அவர் 34 புள்ளி எடுத்தார். வலி நியாயமானதுதான். ஆனால் அவர் எந்த விதியையும் மீறவில்லை, எந்த ஒப்பந்தத்தையும் உடைக்கவில்லை. முழுதாக ஆறு சீசன் காத்திருந்து, விதி கொடுத்த உரிமையை முதல்முறையாகப் பயன்படுத்தினார். அவரை அன்றும் இன்றும் துரோகி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது முதலில் விட்ட 97 லட்சத்துக்குத் திரும்பலாம். 2017-ல் அவர் ஆப்ஷனைப் பயன்படுத்தி வெளியே வந்தார். வாரியர்ஸில் ஆடியது ஒரே சீசன், ஆகவே முழு பேர்ட் உரிமை இல்லை. 120 சதவீத விதிதான். 2.65 கோடிக்கு 120 சதவீதம் என்றால் சுமார் 3.18 கோடி. அதைத் தாண்டி மேக்ஸ் 3.47 கோடியைக் கொடுக்க வேண்டுமானால், வாரியர்ஸ் வரம்புக்குக் கீழே இறங்கி இடம் உண்டாக்க வேண்டும். அதற்கு இகுடாலாவையும் ஷான் லிவிங்ஸ்டனையும் விட்டுவிட வேண்டியிருக்கும். அவர் 3.18 கோடியோடு நின்றிருந்தாலே இருவரும் தங்கியிருக்கலாம். அதிலும் இறங்கி 2.5 கோடிக்கு வந்தார். காரணம் ஆடம்பர வரி. வரம்புக்கு மேலே இன்னொரு கோடு உண்டு. அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் உரிமையாளர் லீக்குக்கு வரி கட்ட வேண்டும், தாண்டத் தாண்ட வரி விகிதமும் ஏறும். டுரான்ட் தொகையைக் குறைத்துக்கொண்டதால் அந்த வரிச் சுமை அதைப் போலப் பன்மடங்கு குறைந்தது. இகுடாலாவுக்கு 3 ஆண்டுகளுக்கு 4.8 கோடியும், லிவிங்ஸ்டனுக்கு 2.4 கோடியும் கிடைத்தன. கரிக்கு அதே கோடையில் 5 ஆண்டுகளுக்கு 20.1 கோடி டாலர். ஐந்து ஆண்டு காத்திருந்த கணுக்காலுக்கு ஒருவழியாக நியாயம் கிடைத்தது. அடுத்த ஆண்டும் கோப்பை, டுரான்டுக்கு மறுபடியும் இறுதித் தொடர் விருது.

2017-ல் அவர் போட்டதும் 1+1தான். 2018-லும் 1+1தான். மூன்று முறையும் ஒரே கை, ஒரே பிளேயர் ஆப்ஷன். ஒவ்வொரு கோடையிலும் சாவி அவரிடமே இருந்தது.

உடம்பு என்ற ஆபத்து

குறுகிய ஒப்பந்தம் இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் அதையே போடலாமே? போடாததற்குக் காரணம் 2019 ஜூன் 10 இரவு டொராண்டோவில் நடந்தது. நம் ஊரில் மறுநாள் விடியற்காலை.

இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஆடுசதைக் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்த டுரான்ட் அன்றுதான் திரும்பியிருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் 11 புள்ளி. இரண்டாம் கால்பகுதியில் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார், எதிரில் செர்ஜ் இபாகா, ஓக்லஹோமாவில் கூட ஆடியவர். வலது காலை ஊன்றித் திசை மாற்ற முயன்ற நொடியில் நடை நின்றுபோனது. பந்து கையை விட்டுப் போனது. இரண்டு தப்படி நொண்டி, தரையில் உட்கார்ந்து குதிகாலுக்கு மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அரங்கில் சிலர் ஆரவாரம் செய்ய, டொராண்டோ வீரர்களே கையைக் காட்டி அவர்களை அடக்கினார்கள். அகில்லீஸ் தசைநாண் கிழிந்திருந்தது. கூடைப்பந்து வீரருக்கு இதைவிடப் பயமான காயம் அதிகமில்லை.

இதே காயம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பு டிமார்கஸ் கசின்ஸுக்கும் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு, 2018 ஜனவரி. அதுவரை அடுத்த கோடையில் மேக்ஸ் கேட்கும் நிலையில் இருந்தவர். ஜூலையில் அவருக்குக் கிடைத்தது ஓராண்டு, 53 லட்சம் டாலர். அதன்பின் பழைய கசின்ஸாக அவர் திரும்பவே இல்லை.

டுரான்டுக்கோ காயம் பட்ட அதே 2019 ஜூன் மாதம் 30 அன்று புரூக்ளின் நெட்ஸ் 4 ஆண்டுகளுக்கு 16.4 கோடி டாலர் கொடுத்தது, அடுத்த சீசன் முழுக்க அவரால் ஆட முடியாது என்று தெரிந்தே. அவர் 3.15 கோடி டாலர் பிளேயர் ஆப்ஷனையும், வாரியர்ஸ் கொடுத்திருக்கக்கூடிய ஐந்தாம் ஆண்டையும் விட்டுவிட்டுத்தான் போனார். லீக்கின் உச்சியில் இருக்கும் ஒரு சிலருக்குத்தான் இந்தத் துணிச்சல் கட்டுப்படியாகும். அடுத்த படியில் இருப்பவர் நீண்ட ஒப்பந்தம் வந்தால் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2021-ல் டுரான்ட் தன் வழக்கத்தை மாற்றினார். நெட்ஸுடன் இன்னும் நான்கு ஆண்டு, 20 கோடியை நெருங்கும் நீட்டிப்பு. அந்த நீட்டிப்பு தொடங்குவதற்கு முன்பே, 2022 ஜூனில், அணியில் இருக்க அவருக்கு மனமில்லை. ஆனால் இந்தமுறை ஜூலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வழியில்லை. தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்க வேண்டியிருந்தது. மாற்றுவதா, எங்கே, எதற்குப் பதிலாக என்பதெல்லாம் அணியின் முடிவு. ஆகஸ்டில் சமாதானம் ஆனார்கள், பிறகு அதுவும் நிலைக்கவில்லை. 2023 பிப்ரவரியில்தான் ஃபீனிக்ஸுக்குப் போனார். நெட்ஸ் அவருக்காக மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் என்று வாரிக்கொண்டது. 2016-ல் ஓக்லஹோமாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வீரர்தான், ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஆண்டுகள்தான் வித்தியாசம். 2025 கோடையில் ஃபீனிக்ஸ் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பியது; அந்தப் பரிமாற்றத்தில் ஏழு அணிகள் சம்பந்தப்பட்டிருந்தன.

இடையில் லீக்கும் பாடம் கற்றுக்கொண்டது. ஏழு முதல் ஒன்பது ஆண்டு ஆடிய நட்சத்திரம், விருதுத் தகுதிகள் இருந்தால், தன் அணியிலேயே தங்கி 35 சதவீதம் பெறலாம் என்று 2017-ல் வழி செய்தார்கள். 'சூப்பர்மேக்ஸ்' என்று பேச்சில் அடிபடுவது அதுதான். கரி வாங்கிய 20.1 கோடி இந்த வழியில் வந்தது. வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றும் பின்னர் விதி வந்தது. 2025-26-ல் 7,600 கோடி டாலர் மதிப்புள்ள புது ஒளிபரப்பு ஒப்பந்தம் தொடங்கியபோதும் வரம்பு அந்த 10 சதவீதமே ஏறியது. இன்னொரு 2016 இனி நடக்காது.

தொகையும் காலமும் தவிர வேறு கணக்குகளும் உண்டு. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியாவில் மிக அதிகம். ஒரே மேக்ஸ் கையில் வரும்போது ஒரே தொகையாக இருக்காது. காலணி நிறுவனங்கள் தரும் பணம் எந்த வரம்புக்குள்ளும் வராது. பிள்ளைகளின் பள்ளி, பயிற்சியாளர், கூட ஆடுபவர்கள், இதெல்லாம் அவரவர் மனசு சம்பந்தப்பட்டது.

அடுத்த ஜூலையில் ஒரு நட்சத்திரத்தின் ஒப்பந்தச் செய்தி வரும்போது பெரிய எழுத்தில் இருக்கும் கோடிகளைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போங்கள். எத்தனை ஆண்டு, கடைசி ஆண்டு யாருடைய விருப்பம் என்பது அங்கேதான் இருக்கும். 2025 அக்டோபரில், 37 வயதில், டுரான்ட் ஹூஸ்டனுடன் 2 ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்டார். அவர் கேட்டிருக்கக்கூடியதைவிட இந்தமுறையும் குறைவுதான். இரண்டாம் ஆண்டு, பிளேயர் ஆப்ஷன்.